சொல்லின்றிச் சிரிப்பித்த கலைஞர்

மெய்ப்பாடுகள் எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அழுகையும் அச்சமும் பெருமிதமும் அதற்குப் பின்னரே நிற்கின்றன. நகை தோன்றுதற்குரிய நிலைக்களங்களுள் பிறரை எள்ளுதலும் ஒன்று, பேதைமையும் ஒன்று. பிறரை எள்ளி நகைப்பித்தல் எளிது. எவரையும் புண்படுத்தாமல், நகைக்கப்படுபவரும் உடனிருந்து நகைக்குமாறு செய்தலோ அரிது. அவ்வரிய செயலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, அதன்பொருட்டுத் தம் செல்வம் முழுவதையும் இழந்த பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம். அவர் பெயர் ழாக் தாத்தி. நடிகரும் இயக்குநருமாகிய அவர் எடுத்த முழுநீளப் படங்கள் ஆறே. ஆயினும், திரைப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவர் பெயரை விடுத்து எழுதுதல் இயலாது.

1907ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், பாரிஸ் மாநகருக்கு அணித்தாயுள்ள லெ பெக் என்னும் ஊரில் தாத்தி பிறந்தார். தாத்திசேஃப் என்பதே அவர்தம் குடும்பப் பெயர். மேடைக்கென அதனைப் பின்னர்ச் சுருக்கிக்கொண்டார். அவருடைய தந்தையைப் பெற்ற பாட்டனார் உருசிய நாட்டுப் பிரபு. பாரிஸிலிருந்த உருசியத் தூதரகத்திற் படைத்துறை அலுவலராகப் பணிபுரிந்தவர். தாயைப் பெற்ற பாட்டனாரோ ஓவியங்களுக்குச் சட்டம் அமைக்கும் கடையொன்றைப் பாரிஸில் நடத்திவந்தார். பள்ளிப் படிப்பிற் சிறந்து விளங்காத பேரனை அச்சட்டத் தொழிலிலேயே பழக்க வேண்டுமென வீட்டார் எண்ணினர். தாத்தியும் சிலகாலம் அதனைப் பயின்றார்.

ஓவியத்திற்குச் சட்டமிடுதல் வெறுங் கைவேலையன்று. எதனை உள்ளடக்குவது, எவ்வளவு இடம் விடுவது, பார்ப்பவர் கண் எங்கே சென்று தங்கும் என்பனவற்றையெல்லாம் எண்ணிச் செய்யவேண்டிய தொழில் அது. பிற்காலத்தில் தாத்தி எடுத்த படங்களின் ஒவ்வொரு காட்சியும் சட்டத்துள் அமைந்த ஓவியம்போல் அளந்து வைக்கப்பட்டிருத்தலைக் காணும்போது, இளமையிற் பயின்ற தொழில் வீண்போகவில்லை என்பது புலனாகும்.

தாத்தி ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். குதிரைப் படையிற் கட்டாயப் பணி புரிந்தார். அதன்பின் இரக்பி என்னும் பந்தாட்டத்தில் ஈடுபட்டுப் பாரிஸிலுள்ள ரேசிங் கழகத்தின் குழுவிற் சேர்ந்தார். ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர் அனைவரும் ஒருங்கமர்ந்து உண்பது வழக்கம். அவ்வேளையில் தாத்தி எழுந்து, அன்று ஆடியவர்களைப்போலவே நடந்தும் ஓடியும் விழுந்தும் காட்டுவார். தோழர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பர். அச்சிரிப்பே அவருக்குத் தம் வழியைக் காட்டிற்று. நாடெங்கும் பொருளாதார நெருக்கடி சூழ்ந்திருந்த காலம் அது. நிலையான தொழிலை விட்டு மேடைக்குச் செல்வதைக் குடும்பத்தார் விரும்பவில்லை. எனினும், தாத்தி துணிந்து சட்டக்கடையை விட்டு வெளியேறினார்.

மேடையில் அவர் நிகழ்த்தியது ஊமைக்கூத்து. பந்தோ மட்டையோ தூண்டிலோ அவர் கையில் இராது. ஆயினும், பந்தைத் தடுக்கப் பாயும் காவலனையும், டென்னிசு ஆடுபவனையும், குத்துச்சண்டை வீரனையும், மீன் பிடிப்பவனையும் அவையோர் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவார். அவற்றுள் தலைசிறந்தது குதிரையேற்றம். குதிரையின் கால்கள் துள்ளும். அதன்மேல் அமர்ந்தவன் உடல் நிமிர்ந்திருக்கும். இரண்டும் ஒரே மனிதனின் உடம்பில் நிகழும். புகழ்பெற்ற எழுத்தாளராகிய கொலெத் அம்மையார் இதனைக் கண்டு வியந்து, குதிரையும் வீரனும் ஆகிய இரண்டுமாக ஒருவரே தோன்றினார் என்னும் கருத்துப்பட 1936இல் எழுதினார். அப்பாராட்டால் தாத்தியின் பெயர் பலரும் அறிவதாயிற்று. அக்காலத்திற் சில குறும்படங்களிலும் அவர் நடித்தார். பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது, கலைவாழ்வு தடைப்பட்டது.

போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டு, பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள செந்த் செவேர் என்னும் சிற்றூரில் தாத்தி தங்கியிருந்தார். அமைதியான அவ்வூரும், அங்குள்ள எளிய மாந்தரும் அவர் உள்ளத்தில் நிலைத்துவிட்டனர். போர் முடிந்தபின், 1947இல் அங்கேயே திரும்பிச் சென்று தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். ‘திருவிழா நாள்’ என்பது அதன் பெயர். ஊர் மக்களே அதில் நடித்தனர். பிரான்சுவா என்னும் அஞ்சற்காரராகத் தாத்தி தோன்றினார்.

படத்தின் கதை எளியது. திருவிழாவுக்கு வந்த கூடாரமொன்றில், அமெரிக்க நாட்டில் அஞ்சல்கள் வானூர்திகளின் துணையால் எத்துணை விரைவாகக் கொண்டு செல்லப்படுகின்றன என்பதைக் காட்டும் படம் ஓடுகின்றது. ஊரார் அதனைச் சுட்டிப் பிரான்சுவாவைக் கேலி செய்கின்றனர். தன்மானம் தூண்டப்பெற்ற அவர், மறுநாள் தம் பழைய மிதிவண்டியில் ஏறி மின்னலெனப் பறக்கின்றார். ஓடும் சரக்கு வண்டியின் பின்பலகையைப் பற்றிக்கொண்டு, அதனையே மேசையாக்கிக் கடிதங்களுக்கு முத்திரை குத்துகின்றார்; முடிவில் ஆற்றுக்குள் விழுகின்றார். அவரைத் தன் வண்டியில் ஏற்றிச் செல்லும் மூதாட்டி, அமெரிக்கர் எவ்வளவு விரைந்தாலும் பயிர் விரைந்து வளர்ந்துவிடாது என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். பிரான்சுவா அஞ்சற்பையைச் சிறுவனொருவனிடம் விட்டுவிட்டு, வயலில் வைக்கோல் அள்ளுவோருக்குத் துணையாகச் செல்வதோடு படம் முடிகின்றது. நகைப்பினூடே ஒரு வினாவும் நம்முன் நிற்கின்றது. விரைவு நல்லதே, ஆனால் எதற்காக விரைகின்றோம்?

இப்படத்தைப் பற்றிய ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. தாத்தி இதனைப் புதியதொரு வண்ணமுறையில் எடுக்க முனைந்தார். அம்முறை அப்போதுதான் தோன்றியதாகலின், முன்னெச்சரிக்கையாகக் கருப்பு வெள்ளைப் படச்சுருளிட்ட மற்றொரு கருவியையும் அருகில் வைத்து ஒவ்வொரு காட்சியையும் இருமுறையிலும் பதிவு செய்தார். அவர் ஐயுற்றவாறே வண்ணப் படியை அச்சிட இயலாது போயிற்று. கருப்பு வெள்ளைப் படியே 1949இல் வெளிவந்தது. வெனிஸ் நகரத் திரைப்பட விழாவிற் சிறந்த திரைக்கதைக்குரிய பரிசையும், 1950இற் பிரெஞ்சுத் திரைப்படத்துக்கான பெரும்பரிசையும் பெற்றது. வண்ணச் சுருள் மட்டும் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்தது. அவர் மறைந்தபின், அவருடைய மகள் சோஃபியின் முயற்சியால் 1995இல் அவ்வண்ணப் படமும் உயிர்பெற்றெழுந்தது.

பிரான்சுவாவையே மீண்டும் மீண்டும் நடிக்குமாறு பலர் வேண்டினர். தாத்தி இசையவில்லை, யூலோ என்னும் புதிய மாந்தனைப் படைத்தார். முன்னோக்கிச் சாய்ந்த நெடிய உடல், வாயிற் புகைக்குழல், தலையில் தொப்பி, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் காற்சட்டை, எங்கு அடிவைப்பது என்று ஐயுறுவதுபோன்ற நடை ஆகியனவே யூலோவின் அடையாளங்கள். மிகுந்த பணிவுடையவர், எவருக்கும் தீங்கு எண்ணாதவர், பேசுவதோ மிகச் சில சொற்கள். ஆனால், அவர் காலடி பட்ட இடத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவையெல்லாம் நிலைகுலையும்.

1953இல் வெளிவந்த ‘திருவாளர் யூலோவின் விடுமுறை’ பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள சென் மார்க் என்னும் கடற்கரையூரில் எடுக்கப்பட்டது. அதிற் கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை; விடுமுறைக்கு வந்த மாந்தர் சிலர் சில நாள் தங்கிச் செல்கின்றனர். அவ்வளவே. அதனுள் ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். யூலோவின் மோட்டார் வண்டி கல்லறைத் தோட்டம் ஒன்றின் அருகே பழுதுபட்டு நிற்கின்றது. அவர் எடுத்த இரப்பர் வளையம் தரையில் விழ, ஈர இலைகள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே ஈமச்சடங்கு நடத்துவோர் அதனை மலர்வளையமென எண்ணி மரியாதையுடன் வாங்கி மாட்டிவிடுகின்றனர். மறுத்துக் கூறினால் அவர்கள் மனம் வருந்துமே என்னும் பணிவால் யூலோ வாளா நிற்கின்றார். வளையமோ காற்றிறங்கிச் சீறுகின்றது. துயரமும் நகையும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்க, எவரையும் இகழாமல் நகைப்பூட்டும் திறம் இது. இப்படம் அவ்வாண்டின் லூயி தெல்லுக் பரிசைப் பெற்றது.

தாத்தியின் கலைமுறையைச் சிறிது ஆராய்வோம். பெரும்பாலான இயக்குநர்கள் நடிகரின் முகத்தை அண்மையிற் காட்டி, ‘இதோ, இங்கே பாருங்கள்’ என்று நம் கண்ணைப் பிடித்து இழுப்பர். தாத்தி அவ்வாறு செய்வதில்லை. தொலைவில் நின்று முழுக் காட்சியையும் காட்டுவார். அதனுள் ஒரு மூலையில் ஒருவர் தடுமாறுவார். மற்றொரு மூலையில் கதவொன்று திறக்கும். நகைப்புக்குரியதைத் தேடிக் கண்டுகொள்ளும் பொறுப்பு பார்ப்பவருடையது. ஒருமுறை பார்த்தவர் மறுமுறை பார்க்கும்போது புதியதொன்றைக் காண்பது இதனாலேயாம்.

ஒலியைக் கையாள்வதிலும் அவர் தனிவழி சென்றார். பேசும்படம் வந்தபின் நடிகர்கள் ஓயாது பேசத் தொடங்கினர். தாத்தியின் படங்களிலோ பேச்சு, தொலைவிற் கேட்கும் சந்தையிரைச்சல்போல் அரைகுறையாக ஒலிக்கும். பொருள்களே பேசும். விடுதியின் உணவறைக் கதவு திறக்குந்தோறும் நரம்பைச் சுண்டினாற்போன்றதோர் ஒலி எழும். சாய்விருக்கையில் ஒருவர் அமர்ந்தால் அது பெருமூச்சு விடும். படப்பிடிப்பு முடிந்தபின் இவ்வொலிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அவர் சேர்த்தார். ஊமைப்படத்தின் உடல்நடிப்பையும் பேசும்படத்தின் ஒலியையும் இவ்வாறு ஒன்றுபடுத்தியது தாத்தியின் தனிச்சிறப்பு என்க.

1958இல் வந்த ‘என் மாமா’ அவருடைய முதல் வண்ணப்படமாக வெளியாயிற்று. சிறுவன் ழெராரின் தாய்மாமனே யூலோ. சிறுவனின் பெற்றோர் புதுமுறையில் அமைந்த மாளிகையில் வாழ்கின்றனர். அங்கே எல்லாம் பொறிகளின் வேலை. முற்றத்தில் மீன் வடிவிலான நீரூற்று உண்டு. மதிப்புடைய விருந்தினர் வந்தால் மட்டுமே அதன் நீர் திறந்துவிடப்படும். பிறர் வந்தால் நின்றுவிடும். வண்டிக் கொட்டிலின் தானியங்கிக் கதவு, வீட்டாரையே உள்ளே அடைத்துவிடுகின்றது. யூலோவோ ஊரின் பழைய பகுதியில், கோணல்மாணலான கட்டடத்தின் உச்சியிலுள்ள சிற்றறையில் வாழ்கின்றார். அவர் தம் சாளரக் கதவைத் திறக்கும்போது அதன் கண்ணாடியிற் பட்ட ஞாயிற்றின் ஒளி, எதிரேயுள்ள கூண்டுப் பறவையின்மேல் விழுகின்றது, பறவை பாடுகின்றது. கதவை அசைத்தால் பாட்டு நிற்கின்றது. ஒளி பறவைமேல் நிலைக்குமாறு கதவைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு யூலோ செல்கின்றார். விலையுயர்ந்த பொறிகள் தாராத இன்பத்தை ஒரு சாளரக் கதவு தந்துவிடுகின்றது. பொறிகளை வெறுத்தவரல்லர் தாத்தி. அவற்றைப் பிறர்க்குக் காட்டிப் பெருமை கொள்ளும் பேதைமையையே அவர் கண்டு நகைத்தார்.

கான் நகரத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், பின்னர்ச் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் ‘என் மாமா’ பெற்றது. பரிசு பெற அமெரிக்கா சென்றபோது, அங்கே எதனைக் காண விரும்புகின்றீர் என வினவினர். பழைய ஊமைப்பட நகைச்சுவையாளர்களான மாக் சென்னட், ஸ்டான் லாரல், பஸ்டர் கீட்டன் ஆகியோரைக் காணவேண்டும் என்பதே தாத்தியின் விடை. அப்போது அவர்கள் முதுமையுற்றிருந்தனர். புகழின் உச்சியில் நின்றபோதும் தமக்கு முன்னே வழியமைத்தோரை அவர் மறந்தாரல்லர்.

அப்புகழை வைத்துக்கொண்டு யூலோவை ஆண்டுக்கொருமுறை திரையில் உலவவிட்டிருந்தாற் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். தாத்தி அதனை விரும்பவில்லை. நகைச்சுவை ஒரு நடிகனுக்கே உரிய உடைமையன்று, தெருவில் நடக்கும் ஒவ்வொருவரிடத்தும் அது உள்ளது என்று அவர் கருதினார். அக்கருத்தை மெய்ப்பிக்க எடுத்த படமே ‘விளையாட்டு நேரம்’. இதில் யூலோ கூட்டத்துள் ஒருவராக வந்து வந்து மறைகின்றார்; நகரமே கதைத்தலைவன்.

இதற்கென அவர் பாரிஸின் புறத்தே ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர் நிலப்பரப்பில், கண்ணாடியாலும் எஃகாலுமான ஒரு நகரையே எழுப்பினார். அதனைத் ‘தாத்தி நகர்’ என மக்கள் அழைத்தனர். சாலைகளும், அந்நகருக்கெனத் தனி மின்னாக்க நிலையமும், இடம்பெயர்க்கத்தக்க கட்டடங்களும் அங்கே இருந்தன. மிக அகன்ற 70 மில்லிமீட்டர் படச்சுருளிற் படம்பிடிக்கப்பட்டது. புயலால் அரங்கம் சேதமுற்றது, கையிருப்புத் தீர்ந்தது, பணி பலமுறை நின்று நின்று தொடர்ந்தது. தாத்தி தம் உடைமைகளை ஈடாக வைத்துக் கடன்மேற் கடன் பெற்றார்.

1967 டிசம்பரிற் படம் வெளிவந்தது. பாரிஸைக் காண வரும் அயல்நாட்டார், எங்கு நோக்கினும் ஒரே வகைக் கட்டடங்களையே காண்கின்றனர். ஈஃபெல் கோபுரமோ கண்ணாடிக் கதவொன்றின் நிழலுருவாக மட்டுமே நொடிப்பொழுது தோன்றி மறைகின்றது. உணவு விடுதியொன்றின் கண்ணாடிக் கதவில் யூலோ மோத, அது நொறுங்கி வீழ்கின்றது. வாயிற்காவலரோ மிஞ்சிய கைப்பிடியை மட்டும் பற்றிக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்தும் மூடியும் விருந்தினரை வரவேற்கின்றார்; எவரும் வேறுபாடு காணவில்லை. ஆயினும், அவ்விடுதி சீர்குலையச் சீர்குலைய, அங்குள்ளோர் ஒருவரோடொருவர் கலந்து பேசிப் பாடி மகிழ்கின்றனர். விறைத்த நகரம் மெல்ல மெல்லக் குடை இராட்டினம்போற் சுழலத் தொடங்குகின்றது.

இத்துணைச் சிறந்த படத்தை அக்கால மக்கள் பெருந்திரளாக வந்து காணவில்லை. போட்ட பொருள் திரும்பவில்லை. திரைக்கலை பயிலும் இளைஞர்களுக்குப் பயன்படட்டும் என்று அவர் விரும்பிய ‘தாத்தி நகர்’ இடித்துத் தள்ளப்பட்டது. சென் ழெர்மேனிலிருந்த குடும்ப வீடு கைவிட்டுப் போயிற்று. 1974இல் அவருடைய நிறுவனம் கலைக்கப்பட்டு, அது வைத்திருந்த படங்களின் உரிமைகளும் ஏலம் போயின. தாம் பெற்ற பிள்ளைகள்போன்ற படங்கள் தம்முடையன அல்லவாகிய துயரத்தை அவர் முதுமையில் நுகர்ந்தார்.

எனினும், அவர் ஓய்ந்தாரல்லர். 1971இற் ‘போக்குவரத்து’ என்னும் படத்தை எடுத்தார். அதில் யூலோ, தாம் வடிவமைத்த வண்டியைப் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குக் கொண்டு செல்கின்றார். வழியில் நேரும் இடையூறுகளால் கண்காட்சி முடிந்தபின்னரே சென்று சேர்கின்றார். 1974இற் சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சிக்கென ‘அணிவகுப்பு’ என்னும் படத்தைச் சர்க்கஸ் அரங்கிற் படம்பிடித்தார். அறுபத்தைந்து அகவையைக் கடந்த அவர், இளமையில் மேடையிற் காட்டிய பந்துக்காவலனையும் குதிரை வீரனையும் அதிலே மீண்டும் நடித்துக் காட்டினார். பொருளெல்லாம் போனபின்னும், தொடக்கத்திற் கைக்கொண்ட கலை அவரை விட்டுப் போகவில்லை. 1977இற் பிரெஞ்சுத் திரையுலகம் அவருக்குச் சேசார் மதிப்புப் பரிசளித்துச் சிறப்பித்தது. 1982 நவம்பரில் அவர் பாரிஸிற் காலமானார்.

அவருக்குப் பின் காலம் தன் தீர்ப்பைத் திருத்தி எழுதிற்று. அவர் மகளும் உறவினரும் முயன்று 2001இற் படங்களின் உரிமையை மீட்டனர். செப்பனிடப்பெற்ற ‘விளையாட்டு நேரம்’ 2002இற் கான் விழாவில் மீண்டும் திரையிடப்பட்டது. ஒருகாலத்தில் அவரை வறியராக்கிய அப்படமே இன்று அவர்தம் படைப்புகளுள் தலையாயது எனப் போற்றப்படுகின்றது. அவர் எழுதிவைத்துப் படமாக்காமல் விட்ட கதையொன்றைச் சில்வேன் சோமே என்பார் 2010இற் சித்திரப்படமாக்கினார். சென் மார்க் கடற்கரையில், கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கும் யூலோவின் வெண்கலச் சிலையை இன்றும் காணலாம்.

மாணவர்களே, தாத்தி செய்தது முறையோ என நீங்கள் வினவலாம். வரவு நோக்கிச் செலவு செய்க என வலியறிதல் அதிகாரத்திற் கற்றிருக்கின்றோம். அந்நெறியின்படி நோக்கினால் தாத்தி தம் அளவைக் கடந்தவரே. அதனால் வந்த துன்பத்தை அவரும் அவர் குடும்பத்தாரும் நுகர்ந்தனர். அதனை மறைத்தல் தகாது. ஆனால், அவர் தம் செல்வத்தை ஆடம்பரத்திலோ தீய வழியிலோ அழித்தாரல்லர். தம் கலை குறைவுபடலாகாது என்னும் ஒரே எண்ணத்தால் இழந்தார். வெற்றி கண்ட வழியிலேயே மீண்டும் மீண்டும் நடந்து பொருள் சேர்ப்பது ஒருவகை வாழ்வு. அறியாத புதுவழியில் நடந்து, கண்டதைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வது மற்றொருவகை வாழ்வு. தாத்தி இரண்டாவதைத் தேர்ந்தார்.

அவர் படங்களிற் பகைவன் இல்லை, தண்டிக்கப்படுவோன் இல்லை, இழித்துரைக்கப்படும் ஏழையோ அயலானோ இல்லை. பெருமிதம் கொண்டோர் தடுமாறுகின்றனர், பணிவுடையோரும் தடுமாறுகின்றனர், தடுமாற்றத்தில் அனைவரும் ஒரு குலத்தவராகின்றனர். பிறர் தடுமாறக் கண்டு நாம் நகைக்கும்போது, நாமும் அவ்வாறே தடுமாறுபவர் என்னும் நினைவு உடன் எழுமாயின், அந்நகை நம்மைப் பண்படுத்தும். அத்தகைய நகையை உலகுக்கு ஈந்தவர் ழாக் தாத்தி.

பயிற்சி

1. ஓவியங்களுக்குச் சட்டமிடும் தொழில் தாத்தியின் கலைக்கு எவ்வாறு துணை நின்றது?
2. ‘திருவிழா நாள்’ படம் விரைவைப் பற்றி எழுப்பும் வினா யாது?
3. ஒலியைக் கையாள்வதில் தாத்தி மேற்கொண்ட தனிவழியை விளக்குக.
4. எள்ளல் நகைக்கும் தாத்தியின் நகைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
5. ‘விளையாட்டு நேரம்’ படத்துக்காகத் தாத்தி தம் பொருளை இழந்தது முறையா? உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.